உடைச்சுப் பழக ஒரு இடம் வேணும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் புலம்பல். கம்ப்யூட்டர் பக்கமே வராதவங்களும் தைரியமா படிக்கலாம், வைரஸ் எல்லாம் ஒட்டாது :-)

இப்போ எழுத வச்சது என் தங்கச்சி பையன். இஞ்சினியரிங் மூணாவது வருஷம். ஏதோ ஒரு கிளவுட் கம்பெனியில கணக்குத் திறந்து, பாடத்துக்காக ரெண்டு மெஷின் எடுத்து ஓட்டியிருக்கான். பயிற்சி முடிஞ்சதும் ஜன்னலை மூடிட்டுப் போய்ட்டான். மெஷின் மூடலை. மாசக் கடைசியில அவன் அப்பா கார்டுல விழுந்த பில்லு, அவர் சம்பளத்துல கால்வாசி! வீட்டுல நடந்த கச்சேரியை நான் சொல்லத் தேவையில்லை. ஆனா எனக்கு வருத்தம் பில்லு இல்லைங்க. ராத்திரி போன் பண்ணி, "மாமா, இந்த டிஸ்ட்ரிபியூட்டட் சமாச்சாரமே எனக்கு வேணாம். நான் வேற ஏதாவது படிச்சுக்கறேன்"னான் பாருங்க, அதுதான். அந்தக் குரலை எனக்கு நல்லாத் தெரியும். 2005ல அது என் குரல்.

அப்போ நான் ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல ப்ராஜெக்ட் அசிஸ்டெண்ட். (பேர் வேணாம், நல்ல மனுஷங்க.) அங்க ஒரு கிளஸ்டர் இருந்துச்சு. வேலைக்குச் சேர்ந்த மூணாவது நாள் ஒரு சீனியர் பாஸ்வேர்டை துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்து, "போட்டுப் பாரு, தானா வரும்"னார். அவ்வளவுதான் ட்ரெயினிங். நானும் போட்டேன். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு ஃபைல் எழுதற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட விட்டுட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டேன்.

திங்கக்கிழமை வந்து பார்த்தா, எல்லாரும் சேர்ந்து உபயோகிக்கிற டிஸ்க் முழுக்க என் ஃபைல்தான். அதே கிளஸ்டர்ல ஒரு அக்கா, பிஎச்டி கடைசி வருஷம், 19 நாளா ஒரு கணக்கு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. எழுத இடமில்லாம அது சனிக்கிழமையே செத்துப் போயிருந்துச்சு. நடுவுல சேமிச்சு வைக்கிற வசதியும் அந்த ப்ரோகிராம்ல கிடையாது. அந்த அக்கா திட்டவே இல்லை. "சரி விடுடா, மறுபடி ஓட்டிக்கலாம்"னாங்க. திட்டியிருந்தா தேவலாம்! அதுக்கப்புறம் மூணு மாசம் நான் அந்த மெஷின்ல லாகின் பண்ணவே இல்லை. கேட்டா 'பேப்பர் படிக்கிறேன்'னு சொல்லிட்டு சுத்திக்கிட்டிருந்தேன். உண்மையில பயம். என்டர் கீயைத் தட்டறதுக்கு பயம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

2007ல ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. தலைப்பு கிரிட் கம்ப்யூட்டிங். அப்போ அதுதான் ஊரெல்லாம் பேச்சு. இயன் ஃபோஸ்டரும் கார்ல் கெஸ்ஸல்மனும் 1998ல 'தி கிரிட்'னு ஒரு புத்தகம் கொண்டு வந்தாங்க. கரண்ட் கம்பி மாதிரி, சொருகினா கணிப்பு சக்தி வரணும், எந்த ஜெனரேட்டர்ல இருந்து வருதுன்னு நீ கவலைப்படக் கூடாதுங்கறது ஆசை. செர்ன்ல வரப்போற துகள் மோதல் எந்திரத்தோட டேட்டாவை ஒரே இடத்துல வச்சு அலச முடியாதுன்னு ஐரோப்பாவுல பெரிய ஏற்பாடு. இங்க சி-டாக் நடத்தின கருடா கிரிட், முதல் கட்டத்துலயே 17 நகரங்களை இணைச்சிருந்துச்சு.

நான் நினைச்சேன், அஞ்சு நாளும் ஸ்லைடு போட்டுக் கொல்லுவாங்க, மதியம் தூங்கிக்கலாம்னு. முதல் நாள் மதியமே எங்க எல்லாருக்கும் ஒரு கணக்கு கொடுத்துட்டாங்க. அது இங்க இருக்கிற மெஷின் இல்லை. கில்டா.

கில்டான்னா என்னன்னு சொல்லிடறேன். இத்தாலியோட அணு இயற்பியல் நிறுவனமான ஐஎன்எஃப்என், சிசிலித் தீவுல கட்டானியா ஊர்ல இருக்கிற தன் பிரிவுல 2004ல ஆரம்பிச்ச பயிற்சி கிரிட். 'டெஸ்ட்பெட்'னு சொல்லுவாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல தொடங்கின ஈஜிஈங்கற ஐரோப்பிய கிரிட் திட்டத்துக்கு ஆள் பழக்கறதுதான் முக்கிய வேலை. இத்தாலி மட்டுமில்லாம வேற நாட்டு மெஷின்களும் அதுல சேர்ந்திருந்துச்சு.

இதுல என்ன பெரிசுன்னு கேட்டா, அது பொம்மை இல்லை. நிஜ கிரிட்ல ஓடற அதே ஜிலைட் மென்பொருள்தான் அதுலயும். வேலையை வாங்கிப் பிரிச்சுக் கொடுக்கிற தரகர் சர்வர், ஒவ்வொரு ஊர்லயும் வாசல்ல நிக்கிற கம்ப்யூட்டிங் எலிமெண்ட், அதுக்குப் பின்னால உழைக்கிற ஒர்க்கர் நோடுகள், ஃபைல் வைக்கிற ஸ்டோரேஜ் எலிமெண்ட், எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற கேட்டலாக் எல்லாமே இருந்துச்சு. நீங்க யாருன்னு சொல்ற சான்றிதழும் உண்டு. நிஜ கிரிட்ல அந்தச் சான்றிதழ் வாங்கணும்னா அதுக்குன்னு நியமிச்ச ஒருத்தர்கிட்ட அடையாள அட்டையோட போய் நிக்கணும். கில்டாவுக்கு சான்றிதழ் கொடுக்கிற அமைப்பு தனி. பழகறவங்களுக்கு குறைஞ்ச காலத்துக்குக் கொடுப்பாங்க. அதை வச்சுக்கிட்டு நிஜ கிரிட்டுக்குள்ள நுழைய முடியாது. மொத்தத்துல, எல்லாமே நிஜம், விளைவு மட்டும் சின்னது.

கிணத்துல நீச்சல் பழகினவங்களுக்கு இது உடனே புரியும். முதுகுல சுரைக்குடுக்கை கட்டி இறக்கி விடுவாங்க இல்லையா? தண்ணி நிஜம். ஆழம் நிஜம். மூக்குல ஏறும்போது எரியறதும் நிஜம். ஆனா சாக மாட்டோம். எங்க சீனியர் செஞ்சது குடுக்கை இல்லாம தள்ளி விட்டது. கட்டில்ல குப்புறப் படுத்துக் கை கால் ஆட்டறதுன்னும் ஒண்ணு இருக்கு. அதுதான் சிமுலேட்டர். மெல்பர்ன்ல இருந்து ராஜ்குமார் புய்யாவோட குழு கொடுத்த கிரிட்சிம் மாதிரி கருவிகளைக் குறை சொல்லலை. எந்த வேலையை எங்க அனுப்பினா சீக்கிரம் முடியும்னு ஆராய அது ரொம்ப நல்ல கருவி. ஆனா சிமுலேட்டர்ல உங்க சான்றிதழ் காலாவதி ஆகி நடுராத்திரி வேலை நின்னு போகாது. கட்டானியா அட்மின் மெஷினை ரீபூட் பண்ணப் போக, உங்க வேலை அந்தரத்துல தொங்காது.

நான் அந்த வாரத்துல வாங்கின அடிகளை வரிசையா சொல்றேன், கேளுங்க.

முதல் அடி: ப்ராக்ஸி எடுக்கவே முடியலை. என் ரகசியச் சாவி ஃபைலை யார் வேணா படிக்கிற மாதிரி வச்சிருந்தேன். சிஸ்டம் ஒத்துக்கலை. சாவியை வாசல்ல மாட்டி வச்சவனுக்கு வீடு எதுக்குன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.

ரெண்டாவது அடி: வேலையைப் பத்தி எழுதிக் கொடுக்கிற ஜேடிஎல் ஃபைல்ல, இருக்கிற எல்லா மெமரியும் எனக்கே வேணும்கற மாதிரி ஒரு நிபந்தனை போட்டேன். 'பொருத்தமான இடம் எதுவும் இல்லை'ன்னு திருப்பி அனுப்பிடுச்சு. பொண்ணு பார்க்கப் போறவன் நூறு கண்டிஷன் போட்ட கதை.

மூணாவது அடி: சாயங்காலம் ஒரு நீளமான வேலையை அனுப்பிட்டு ஜாலியா போய்ட்டேன். காலையில பார்த்தா அபார்ட்டட். ப்ராக்ஸிக்கு வழக்கமான ஆயுள் 12 மணி நேரம். அது செத்தா நம்ம வேலையும் செத்துடும். நீளமான வேலைக்கு மைப்ராக்ஸிங்கற சர்வர்ல ஒண்ணு வச்சு, அது புதுப்பிச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி பண்ணணும். ஸ்லைடுல இது இருந்துச்சு. நானும் தலையாட்டினேன். மண்டையில ஏறினது மறுநாள் காலையிலதான்.

நாலாவது நாள் பயிற்சி நடத்தினவர் வந்து, "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் உங்களால முடிஞ்ச அளவு உடைங்க. ஒரே நிபந்தனை. எப்படி உடைஞ்சுதுன்னு அரைப் பக்கம் எழுதித் தரணும்"னார்.

எனக்கு என்ன தோணியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். அவர்கிட்ட போய் 2005 கதையை முழுசா சொன்னேன். வெளி ஆள் ஒருத்தர்கிட்ட அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அதே ஸ்கிரிப்டை இங்க ஓட்டிப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சார். "ஸ்டோரேஜ் எலிமெண்ட்ல வேணாம், மத்தவங்க ஃபைல் இருக்கு. ஒரே ஒரு ஒர்க்கர் நோடோட சொந்த டிஸ்க்ல மட்டும் ஓட்டு. அந்த சைட்காரங்ககிட்ட நான் முன்னாடியே சொல்லிடறேன்"னார்.

அனுப்பினேன். சப்மிட்டட். வெயிட்டிங். ரெடி. ஷெட்யூல்ட். ரன்னிங். கை வேர்க்குது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா 'டன்'னு வருது! என்னடா இது, ஒண்ணும் ஆகலையான்னு முடிவை இறக்கிப் பார்த்தேன். அவுட்புட் ஃபைல் சைஸ் பூஜ்யம். டிஸ்க் நிரம்பி, ப்ரோகிராம் செத்து, அது செத்த சேதியைக் கூட எழுத இடமில்லாம, வேலை 'முடிஞ்சுது'.

அவர் என் தோள் மேல கை வச்சு, "இப்போ சொல்லு. அன்னைக்கு நீ என்ன பண்ணியிருந்தா இது நடந்திருக்காது?"ன்னார். உக்காந்து எழுதினேன். அரைப் பக்கம் கேட்டார், மூணு பக்கம் ஆச்சு. ஓட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு எழுதும்னு கணக்குப் போடணும். முதல்ல பத்து ஸ்டெப் மட்டும் ஓட்டிப் பார்க்கணும். பொது டிஸ்க்ல எழுதாம நோடோட சொந்த டிஸ்க்ல எழுதி, கடைசியில வேணுங்கறதை மட்டும் நகர்த்தணும். 'முடிஞ்சுது'ன்னு சிஸ்டம் சொல்றதை நம்பாம எக்ஸிட் கோடைப் பார்க்கணும். இதுல எதுவுமே ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது ஒரு மதிய நேரம் ஒதுக்கிச் சொல்லியிருந்தா போதும்.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். இதுவரைக்கும் கதை, இனிமே கட்சி :-)

டெஸ்ட்பெட் வேணாம்கறவங்க மூணு காரணம் சொல்றாங்க. மூணையும் நான் நேர்ல கேட்டிருக்கேன்.

ஒண்ணு, "இருக்கிற மெஷினே வேலைக்குப் பத்தலை, பழகறதுக்கு வேற ஒதுக்கணுமா?" ஐயா, அந்த அக்காவோட 19 நாளுக்கு என்ன விலை போடுவீங்க? பழகறவன் எங்கேயாவது பழகத்தான் போறான். தனி இடம் கொடுக்கலைன்னா உங்க நிஜ மெஷின்லதான் பழகுவான். பயிற்சி கிரிட் இல்லாத இடமே கிடையாதுங்க. சில இடத்துல அதுக்கு 'ப்ரொடக்ஷன்'னு பேர், அவ்வளவுதான்.

ரெண்டு, "விளைவு இல்லைன்னா பசங்களுக்குப் பொறுப்பு வராது." இதுல கொஞ்சம் உண்மை இருக்கு, மறுக்கலை. கில்டாவுல என் வேலை பெரும்பாலும் சில நிமிஷத்துல ஓடிடுச்சு. அப்புறம் நிஜ கிரிட்ல மணிக்கணக்கா க்யூவுல நின்னப்போ, ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சு ஒரே வேலையை நாலு தடவை அனுப்பித் திட்டு வாங்கினேன். பொறுமையை டெஸ்ட்பெட் சொல்லித் தரலை. ஆனா பொறுப்பை சொல்லித் தந்துச்சு. காரணம் அந்த அரைப் பக்கம். உடைக்கலாம், ஆனா ஏன் உடைஞ்சுதுன்னு சொல்லாம போக முடியாது. பயத்துனால வர்ற ஜாக்கிரதை, யாரும் பார்க்காதப்போ போயிடும். புரிஞ்சு வர்ற ஜாக்கிரதை போகாது.

மூணாவது, இப்போ எல்லாரும் சொல்றது. "கிரிட்டே செத்துப் போச்சு, எல்லாம் கிளவுட், இன்னும் என்ன பழைய கதை?" ஈஜிஈ திட்டம் 2010ல முடிஞ்சுது. அந்த இடத்துக்கு ஈஜிஐ வந்துச்சு. ஜிலைட்ங்கற பேரும் மெல்ல மறைஞ்சுது. குளோபஸ் டூல்கிட்டுக்கான ஆதரவை அதைப் பண்ணினவங்களே 2018 ஜனவரியில நிறுத்திட்டாங்க. எல்லாம் சரி. ஆனா 2012 ஜூலை 4ஆம் தேதி ஹிக்ஸ் துகளைப் பத்தி செர்ன்ல அறிவிச்சப்போ, அப்போ இயக்குநரா இருந்த ரோல்ஃப் ஹாயர் எந்திரத்தோடயும் பரிசோதனைகளோடயும் சேர்த்து கிரிட்டுக்கும் பங்கு உண்டுன்னு சொன்னார். அந்த கிரிட் இன்னைக்கும் ஓடுது, 40க்கு மேற்பட்ட நாடுகள்ல சுமார் 170 மையங்களோட. மும்பை டிஐஎஃப்ஆரும் கொல்கத்தா விஈசிசியும் அதுல இருக்கு. சான்றிதழ் போய் டோக்கன் வருது. உறுப்பு மாறுது, உசுரு அப்படியேதான் இருக்கு.

அந்த உசுரு என்ன? ஃபோஸ்டர் 2002ல கிரிட்டுக்கு மூணு அடையாளம் சொன்னார். அதுல முதல் அடையாளம், மெஷின்கள் எல்லாம் ஒரே ஆளோட கட்டுப்பாட்டுல இருக்கக் கூடாதுங்கறது. எனக்கு மொத்தப் பாடமும் அதுதான். கிரிட்னா பெரிய கம்ப்யூட்டர் இல்லைங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத ஆளுங்க செஞ்சுக்கிட்ட ஒப்பந்தம். நீ யாரு, உனக்கு என்ன உரிமை, உன் டேட்டா எங்க இருக்கு, எங்கேயோ ஒண்ணு உடைஞ்சா யார் யாருக்குச் சொல்றது. இந்த நாலு கேள்வியும் கிளவுட்லயும் இருக்கு, நாளைக்கு வரப்போற எதுலயும் இருக்கும். புத்தகத்துல படிச்சா இது நாலு வரி. உள்ள இறங்கினாதான் நாலும் வலிக்கும்.

என் தங்கச்சி பையனுக்கு நடந்ததும் இதேதான். அவனுக்குக் கொடுத்தது டெஸ்ட்பெட் இல்லை. அப்பாவோட கார்டு மாட்டின நிஜ கடை. தப்பு பண்ணினான், பில்லு வந்துச்சு, பாடம் வரலை. 'ஏன் நடந்துச்சுன்னு அரைப் பக்கம் எழுது'ன்னு சொல்ல அங்க ஆள் இல்லை.

அதனால நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. ஒரு காலேஜ்ல மூலையில கிடக்கிற பழைய பிசி அஞ்சு போதும். எச்டிகாண்டரோ ஸ்லர்மோ, ரெண்டுமே இலவசம். முடிஞ்சா பக்கத்து டிபார்ட்மெண்ட்லயும் ஒரு அஞ்சு, அதுக்கு வேற அட்மின். அந்த ரெண்டு அட்மினுக்கும் கொஞ்சம் ஆகாம இருந்தா இன்னும் நல்லது, நிஜ கிரிட் அனுபவம் முழுசா கிடைக்கும் :-) நிஜத்துல ஓடற மென்பொருளையே போடுங்க. கணக்கும் அடையாளமும் தனியா இருக்கட்டும். மாசா மாசம் துடைச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்க. முக்கியமா, கேட்டா பதில் சொல்ல ஒரு மனுஷன் வேணும். கில்டாவுல எனக்கு உதவினது மெஷினை விட அந்தத் தோள் மேல விழுந்த கைதான். அப்புறம் ஒரே ஒரு விதி: இங்க உடைச்சு அரைப் பக்கம் எழுதாதவனுக்கு நிஜ மெஷின் பாஸ்வேர்ட் கிடையாது.

அந்த அக்கா இப்போ ஒரு காலேஜ்ல பேராசிரியர். இதை எழுதறதுக்கு முன்னாடி போன் பண்ணி, எழுதலாமான்னு கேட்டேன். சிரிச்சாங்க. ஆறு மாசம் தள்ளிப் போச்சு அவங்க தீசிஸ், அதை நானா ஞாபகப்படுத்தினேன். அப்புறம் மனசுல ரொம்ப நாளா இருந்ததையும் சொன்னேன். "அக்கா, கில்டா 2004லயே ஆரம்பிச்சுட்டாங்க. நான் உங்க டிஸ்கை நிரப்பினப்போ அது இருந்துச்சு. நமக்குத்தான் தெரியலை."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க. "19 நாள் போனதுக்கு எனக்கு அப்பவும் கோபம் இல்லடா. நீ மூணு மாசம் கீபோர்டைத் தொடாம உக்காந்திருந்தே பாரு, அதைப் பார்க்கத்தான் கஷ்டமா இருந்துச்சு. என் பசங்களுக்கு முதல் செமஸ்டர்லயே நாலு பழைய மெஷின் கொடுத்துடறேன். வாரம் ஒண்ணு சாகுது. சாகட்டும்."

போன ஞாயித்துக்கிழமை நானும் பரண்ல இருந்து மூணு பழைய பொட்டியை இறக்கி, தூசி தட்டி, ஒரு சுவிட்சோட கோர்த்து தங்கச்சி வீட்டுல வச்சுட்டு வந்தேன். மருமகன் சந்தேகமா பார்த்தான்.

"இதை என்ன மாமா பண்ணணும்?"

"உடை. எப்படி உடைஞ்சுதுன்னு எனக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்பு."

நேத்து ராத்திரி முதல் மெயில் வந்துச்சு. ஒண்ணேகால் பக்கம்.

டிஸ்கி: அந்த மூணு பொட்டிக்கும் கரண்ட் பில்லு என் கணக்கு. மாப்பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்!